டிக் வெல்டிங்கும் கடன் மனுவும்

திருத்தணி வட்டாரத்தில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களில் தறியொலி ஓயவில்லை. ஆயினும் தறிக்காரரின் பிள்ளைகளில் பலர் விடியற்காலையில் ரயிலேறி அம்பத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் வெல்டிங் தொழிலை ஓரளவு பழகிக்கொண்டு, ஊரிலேயே பட்டறை வைக்க எண்ணிச் சங்கத்தில் கடன் கேட்கின்றனர். அண்மையில் நாம் பார்வையிட்ட அத்தகைய மனு ஒன்றில் 'டிக்' இயந்திரத்தின் விலைப்பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. சாதாரண வெல்டிங் இயந்திரம் குறைந்த விலைக்குக் கிடைக்கையில் இதற்கு இவ்வளவு பணம் எதற்கு என்று நிர்வாகக் குழுவினர் வினவினர். நியாயமான வினாவே.

சாதாரண வெல்டிங்கில் கையில் பிடிக்கும் குச்சியே உருகி இணைப்பில் சேருகிறது. டிக் முறையில் அவ்வாறன்று. டார்ச்சின் நுனியிலுள்ள டங்ஸ்டன் ஊசியிலிருந்து மின்பொறி எழுகிறது. டங்ஸ்டன் உருக ஏறத்தாழ 3,400 டிகிரி வெப்பம் வேண்டுமாதலால் ஊசி உருகாமல் நிற்கும். அதனைச் சூழ்ந்துள்ள குழலிலிருந்து ஆர்கான் வாயு வந்து, உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாதபடி காக்கிறது. இணைப்புக்கு வேண்டிய கம்பியை மற்றொரு கையால் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். வேலை மெதுவாகவே நடக்கும். ஆனால் கசடு இராது, மெல்லிய தகடும் ஓட்டையாகாது.

1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், உருகிய நிலையில் காற்றுப் பட்டால் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைக்க ஹீலியம் வாயுவைக் கொண்டு இம்முறையை உருவாக்கினார். இன்று நம் பட்டறைகளில் பயன்படுவது ஆர்கான். நம் மாநிலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையில் இம்முறைக்குத் தனி மதிப்புண்டு. உயரழுத்தக் குழாய்களின் இணைப்பில் முதல் அடுக்கை டிக் முறையில் இடுவர்; குழாயின் உட்புறம் கசடு தங்கினால் அதனை எடுக்க வழியில்லை. அங்கே 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. திருவாலங்காட்டில் இயங்கும் நமது கூட்டுறவுச் சர்க்கரை ஆலையிலும் கொதிகலன் உண்டு. ஆனால் கொதிகலனைத் தொடத் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். புதுப் பட்டறைக்காரர் அதனை நம்பிக் கணக்குப் போடலாகாது.

அவருக்கு அருகிலுள்ள வேலை பால் சங்கங்களிலும் உணவகங்களிலும் இருக்கிறது. பால் படும் தொட்டியும் குழாயும் எவர்சில்வர். வெளிப்புறம் பளபளவென்று இணைத்துவிட்டு உட்புறத்தைக் கவனியாமல் விட்டால், அங்கே உலோகம் காற்றுப்பட்டுக் கருகி, தீய்ந்த வெல்லப்பாகுபோல் பொருக்கு நிற்கும். ஆங்கில வெல்டர்களும் இதற்குச் சர்க்கரை என்றே பெயரிட்டிருப்பது கரும்பு விளையும் நம் நாட்டாருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். அப்பொருக்கில் பால் தங்கிக் கிருமி பெருகும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஒரு வீட்டார் கறந்த பால் அல்ல, ஊரார் ஊற்றிய பால் முழுவதும் கெடும். ஆகவே குழாயினுள்ளும் ஆர்கானைச் செலுத்திக்கொண்டே இணைத்தல் வேண்டும்.

பயிலத் தொடங்குவோர் முதலில் கம்பியைக் கையிலெடுக்கலாகாது. சுத்தமான இரும்புத் தகட்டில் சிறு குளம்போல் உலோகத்தை உருக்கி, அக்குளத்தை நேர்கோட்டில் நடத்திச் செல்லப் பழக வேண்டும். ஊசிக்கும் தகட்டுக்கும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஊசி குளத்தில் பட்டுவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி சாணைபிடிக்க வேண்டும். முதல் மாதத்தில் வெல்டிங்கைவிடச் சாணை வேலையே மிகுதி. அடுத்ததாகக் கம்பி ஊட்டலாம். பிறகு எவர்சில்வர், அலுமினியம் கடைசியில், அதற்கு மாறுமின்னோட்டம் வேண்டும். எண்ணெயும் துருவும் போகத் தேய்க்காத தகடு இத்தொழிலில் ஆகாது. கஞ்சியிடாத பாவைத் தறியில் ஏற்றுவோர் உண்டோ?

குழித்தறியில் கை நாடாவை ஓட்ட, கால் மிதியை மாற்றும். டிக் வெல்டரும் சில இயந்திரங்களில் மின்னோட்டத்தைக் காலால் கூட்டிக் குறைக்கிறார். ஒரு கை டார்ச்சைத் தாங்க, மறு கை கம்பி ஊட்டுகிறது. தறியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒத்திசைவு எளிதில் வருமென நாம் கருதுகிறோம்.

ஆனால் பழைய தறிக்குழி உள்ள அறையைப் பட்டறையாக்குவதை நாம் ஒப்போம். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. மணமும் நிறமும் இல்லாதது. கசிந்தால் குழியில் தேங்கும். அங்கே இறங்கியவருக்கு மூச்சுக்குக் காற்று இராது. பால் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வதும் அத்தகைய ஆபத்தே. கதவைத் திறந்து வைத்தாலோ, ஆடிக்காற்று வாயுவை அடித்துச் சென்று இணைப்பைக் கெடுக்கும். காற்றோட்டமும் வேண்டும், வெல்டிங் இடத்திற்குத் தடுப்பும் வேண்டும். சிவப்பு நிறமிட்ட ஊசியில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருப்பதால் அதன் சாணைத் தூசியைச் சுவாசித்தல் தீங்கு. சாம்பல் நிறமிட்டது பயில்வோர்க்குப் போதும். மின்பொறியின் ஒளி தோலையும் கண்ணையும் சுடும். கறுப்புக் கண்ணாடி முகமூடியும், கையை மூடும் பருத்திச் சட்டையும் இன்றியமையாதவை. நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். நம் சங்கத் துணிக்கு இங்கு ஒரு விற்பனை உண்டு.

நிர்வாகக் குழுவினருக்கு நாம் கூறுவது இது. இயந்திரத்தின் விலையை மட்டும் கடனாகக் கொடுத்தால், முதல் வாயு உருளை தீர்ந்ததும் இயந்திரம் மூலையில் உறங்கும். பயிற்சிக் காலத்து வாயு, ஊசி, கம்பி ஆகியவற்றுக்கும் கடனில் இடம் வைக்க வேண்டும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஓராண்டு வெல்டர் பயிற்சியை முடித்தவர்க்கு முன்னுரிமை தரலாம். மனுவோடு, மனுதாரர் தம் கையால் இணைத்த இரு எவர்சில்வர்த் துண்டுகளையும் கேட்டு வாங்குக. அவற்றை இடுக்கியில் பூட்டி வளைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் துண்டைத் திருப்பி, பின்புறம் எந்நிறமாய் இருக்கிறதென்று குழுவினர் நோக்குக. வெள்ளியோ வைக்கோல் நிறமோ ஆனால் மனுவை மேலே படிக்கலாம். கருகியிருப்பின் இன்னும் மூன்று மாதம் பழகி வரச் சொல்லித் திருப்பியனுப்புக.