ஒரு பாலிப்பின் பத்து ஆண்டுகள்

இன்று உங்கள் பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்களில் பெரும்பாலானவை அடுத்த வாரம் அங்கே இருக்கமாட்டா. நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தச் சுவர் சோதனைக்குழாய்களை நெருக்கமாக அடுக்கி வைத்ததுபோல் தெரியும். ஒவ்வொரு நுண்குழியின் அடியிலும் உள்ள குருத்தணுக்கள் ஓயாமல் பிரிகின்றன. பிறக்கும் புதிய உயிரணுக்கள் மேலே நகர்ந்து, நான்கைந்து நாள்களில் உதிர்ந்து, மலத்தோடு வெளியேறுகின்றன.

இத்தனை வேகமாகப் பிரியும் இடத்தில் டிஎன்ஏ நகலெடுப்பில் பிழைகள் நேர்வது வியப்பில்லை. ஏபிசி என்ற மரபணு இந்தப் பெருக்கத்துக்குப் பிரேக் போன்றது. அது பழுதானால், உதிர வேண்டிய உயிரணுக்கள் அங்கேயே குவிந்து சிறு மேடாகின்றன. சில மேடுகள் காளான்போல் காம்புடனும் இருக்கும். இவற்றைத்தான் பாலிப் என்கிறோம். பாலிப் என்றாலே புற்றுநோய் அல்ல. அடினோமா என்னும் வகையில் சில மட்டுமே, மேலும் பல மரபணுக்கள் பழுதான பின் புற்றுநோயாகின்றன. அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். மருத்துவத்துக்கு இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் நோய்கள் குறைவு.

1969ஆம் ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். வளையும் உள்நோக்குக் கருவி வழியாகக் கம்பிச் சுருக்கைச் செலுத்தி, பாலிப்பின் காம்பை இறுக்கி, மின்சாரத்தால் அறுத்தெடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. பாலிப்பை அறுக்கும்போது வலிக்காதா என்று கேட்பீர்கள். குடலின் உட்சுவர் விரிவதை உணரும், வெட்டுவதை உணராது. பாலிப் வளரும்போது வலி தெரியாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

பாலிப்பை விட்டுவைத்து அது புற்றுநோயாகிவிட்டால் கதை வேறு. அது சளிப்படலத்தைக் கடந்து தசை அடுக்கை நோக்கி ஊடுருவும்; பிறகு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவலாம். எவ்வளவு ஆழம் என்பதே நோயின் போக்கைச் சொல்கிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் திசு ஆய்வாளர் கத்பர்ட் டியூக்ஸ், 1932இல் இதை வைத்தே மலக்குடல் புற்றுநோயை மூன்று நிலைகளாகப் பிரித்தார். இன்றும் அறுவை மருத்துவர்கள் கட்டியை மட்டும் வெட்டுவதில்லை. இருபுறமும் நல்ல குடலில் கொஞ்சம், அதோடு நிணநீர் முடிச்சுகள் அடங்கிய கொழுப்புத்திசு என்று சேர்த்து எடுத்துவிட்டு, இரு முனைகளையும் இணைக்கிறார்கள்.

மலக்குடலில் இது கடினம். இடுப்பெலும்புக்குள் இடம் குறுகல். மலத்தைக் கட்டுப்படுத்தும் தசையும் அருகிலேயே இருக்கிறது. இணைத்த இடம் ஆறும்வரை, குடலின் ஒரு பகுதியை வயிற்றுத்தோலில் திறந்து பை பொருத்துவதுண்டு. பலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டுமே, சிலருக்கு நிரந்தரம். பையோடு வேலைக்குப் போகிறவர்கள், நீந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஒளித்துப் பேச வேண்டியதில்லை.

சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம், 50 வதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 'ஃபிட்' பரிசோதனைப் பையை இலவசமாகத் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது. பல வீடுகளில் அந்தப் பை அலமாரியிலேயே கிடக்கும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது எதிர்ப்பொருள்கள் மூலம் கண்டுபிடிக்கிறது. மனித இரத்தத்தின் புரதத்தை மட்டுமே அவை பிடிப்பதால், முந்தின நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரத்தம் தெரிந்தால் அது மூலநோயாகவும் இருக்கலாம், பாலிப்பாகவும் இருக்கலாம். எது என்பதைப் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைதான் சொல்லும். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்திருந்தால், 50 வயதுவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.