அமைதியான பெண்பிள்ளையும் ஓட்டிசமும்



ஓட்டிசம் என்றவுடன் நம்மில் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது, பேச்சு வராமல், கைகளை அசைத்துக்கொண்டு, ஒரே பொருளைச் சுழற்றிக்கொண்டிருக்கும் ஓர் ஆண்பிள்ளையாகும். மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் இவ்வேறுபாடு பெண்பிள்ளைகளிடத்திலும் உண்டு. ஆயினும் அவர்களிடம் அது பெரும்பாலும் வேறு கோலத்தில் காணப்படுவதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மருத்துவர்களின் கண்ணுக்கும் அது தப்பியே வந்துள்ளது. 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் வர்ணித்த 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்பிள்ளைகள். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் எழுதிய நால்வரும் ஆண்பிள்ளைகளே. பின்வந்த அளவுகோல்களும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை வைத்தே அமைந்தன. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்றே நெடுங்காலம் கூறப்பட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த 2017 ஆம் ஆண்டு ஆய்வோ, மூன்றுக்கு ஒன்று என்பதே பொருத்தமானது என்றது. இது வெளிநாட்டு நோய் என்று எண்ணுவோர், நம் நாட்டில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்று கண்டதை அறிந்துகொள்ளட்டும்.

பெண்பிள்ளை எவ்வாறு மறைக்கிறாள்? வகுப்பில் ஒரு தோழியைத் தெரிந்துகொண்டு, அவள் சிரிக்கும்போது சிரிக்கிறாள். அவள் பேசும் விதத்தில் பேசுகிறாள். பிறர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை ஒத்திகை பார்க்கிறாள். கண்ணைப் பார்த்துப் பேசுவது வேதனையாக இருந்தும் பார்க்கிறாள். பூனை, கதைப்புத்தகம் என்று அவள் ஆசைப்படுபவை எல்லாப் பிள்ளைகளும் விரும்புபவையே. ஆனால் அவளுடைய ஈடுபாட்டின் ஆழம் வேறு. பாடசாலையில் நற்பெயர் எடுக்கும் அப்பிள்ளை வீட்டு வாசற்படியை மிதித்ததும் அழுது தீர்க்கிறாள். "வெளியில் நல்ல பிள்ளை, உம்மாவிடம் மட்டும் பிடிவாதம்" என்று ஏசுகிறோம். பகல் முழுதும் அடக்கிய களைப்பு அது.

நமது சமூகத்தில் இதற்கு இன்னொரு திரையும் உண்டு. பேசாத பெண்ணை அடக்கமானவள், வெட்கமுள்ளவள் என்று புகழ்கிறோம். நாணம் ஈமானின் கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் நாணம் வேறு, அவஸ்தை வேறு. ஆண்பிள்ளை பேசாவிட்டால் வைத்தியரிடம் ஓடும் நாம், பெண்பிள்ளை பேசாவிட்டால் மகிழ்ந்துவிடுகிறோம்!

மலையகத்து அன்றாட வாழ்வில் அந்த அவஸ்தையைப் பாருங்கள். நுவரெலியாக் குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டை அவளுக்கு உடலெங்கும் முள்ளாகக் குத்தும். தகரக் கூரையில் விழும் மழையொலி காதைத் துளைக்கும். லயத்துச் சிறு அறையில் ஒதுங்கியிருக்க ஒரு மூலை கிடையாது. சம்பள நாளில் ஹட்டன் கடைவீதி நெரிசல் ஒரு மணி நேரத்தில் அவளைத் தளர்த்திவிடும். பருவமடைந்த பின் உடலின் மாற்றமும், திருமணமானால் புதிய வீடு, புதிய சமையல் வாசனை, ஓயாத விருந்தினர் எல்லாம் ஒரே நாளில் வருவதும் பெருஞ்சுமையாகும். மாமியார் அதைக் கர்வம் என்பார். மனச்சோர்வு, பதற்றம் என்று மருந்து எடுத்தும் மூலகாரணம் அறியாமலே வாழும் பெண்கள் உலகெங்கும் உள்ளனர். நடுவயதில், தம் பிள்ளைக்கு ஓட்டிசம் எனக் கண்டறியப்பட்ட பின்னரே தம்மையும் அறிந்துகொள்பவர்களும் உண்டு.

ஜின் தீண்டியது, கண்ணேறு பட்டது என்று சிலர் தாயத்துக்கு அலைகின்றனர். குர்ஆன் ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி வைத்தியரைத் தவிர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. தாயின் வளர்ப்புக் குறை என்ற பழைய கருத்து என்றோ கைவிடப்பட்டது. தடுப்பூசியே காரணம் என்ற 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் மீளப்பெற்றுக்கொண்டது.

ஓட்டிசத்தை அகற்றும் மருந்து இல்லை. சுமையைக் குறைக்க வழியுண்டு. கம்பளிக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, ஊசி குத்தாத பருத்தி முக்காடு, விருந்தினர் வருவதை முன்னாளிலேயே சொல்லிவைத்தல், பாடசாலை விட்டு வந்ததும் யாரும் கேள்வி கேட்காத அரை மணி நேரம்: இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. பெண் பார்க்க வருவோரிடமும் உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டமில்லாத எளிய நிக்காஹ் அவளுக்குப் பேருதவி.

சிறு பிள்ளையாயின் முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறுங்கள். அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ செல்லலாம். வளர்ந்த பெண்கள் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். போகும்போது, பிள்ளை பாடசாலையில் எப்படி, வீட்டில் எப்படி என்பதை இரண்டு வாரமாவது ஒரு கொப்பியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஏனெனில் வைத்தியரின் முன்னிலையிலும் அவள் நல்ல பிள்ளையாகவே அமர்ந்திருப்பாள்.