பழைய லேண்ட்ரோவருக்குப் பூட்டு எங்கே இருக்கிறது தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவியே கிடையாது, தெரியுமா? டேஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச். அதைத் திருப்பிவிட்டு, தரையில் இருக்கும் ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் என்ஜின் உறும ஆரம்பித்துவிடும்! குண்டு விழுகிற இடத்தில் சாவியைத் தேட நேரம் ஏது? ஆனால் அடுத்த முகாம்காரரும் அதே சுலபத்தில் ஓட்டிக்கொண்டு போய்விடுவாரே! அதனால் டிரைவர்கள் ஸ்டீயரிங்கைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டினார்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டாரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு விரலால் எடுத்துவிடக்கூடிய துண்டு அது. அது இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரமே போகாது!

இங்கிலாந்தில் இது சட்டமாகவே வந்தது என்றால் நம்புவீர்களா? ஜெர்மன் படை வந்து இறங்கினால் வண்டிகள் அதன் கையில் சிக்கக் கூடாது என்று, ஆளில்லாமல் நிறுத்தும் கார்களை ஓடாதபடி முடக்கி வைக்கச் சொல்லி 1940-இல் அரசு உத்தரவு போட்டது.

அப்படிப்பட்ட போர்க்கால ஜீப் ஒன்றை வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவுப் பண்ணையில் வைத்து ஓட்டியவர் ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ். அதிலிருந்து பிறந்ததுதான் லேண்ட்ரோவர்! 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகம். 1990-இல் டிஃபெண்டர் என்று பெயர். 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டி வெளியே வந்தபோது கணக்கு 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இந்தப் பழைய வண்டிகளைத் திருடர்கள் இன்றும் துரத்துகிறார்கள். ஏன்? போர் முடிந்த கையோடு பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே மேல் பாடிக்கு அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். அந்தத் தகடு இரும்புபோல் துருப்பிடித்து உதிர்வதில்லை. தாத்தா வாங்கிய வண்டியைப் பேத்தி ஓட்டுகிறாள்! அமெரிக்காவிலோ 25 வயது தாண்டிய வெளிநாட்டு வண்டிக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. வயது ஏற ஏற விலையும் ஏறுகிறது. முழு வண்டியைக்கூட விடுங்கள், கதவும் பானட்டும் தனியாகவே விலை போகின்றன. ஸ்பேனர் இருந்தால் யாரும் கழற்றலாம் என்பதுதானே இந்த வண்டியின் அழகு! அதுவே வினையாகவும் ஆகிவிட்டது. கீல்களுக்குச் சாதாரண ஸ்பேனர் பிடிக்காத போல்ட் போடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் என்ஜினை ஓடவிடும் இம்மொபிலைசர், பிரிட்டனில் புதுக் கார்களுக்கு 1998 அக்டோபரில் கட்டாயமானது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, இந்தக் கருவியால் அங்கே கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. நாற்பது! ஆனால் அதற்கு முந்தைய பழைய டீசல் லேண்ட்ரோவர்கள் பலவற்றில், பம்பில் இருக்கும் சொலினாய்டுக்கு 12 வோல்ட் கிடைத்தால் போதும், டீசல் பாய்ந்துவிடும். அந்த ஒயரின் நடுவே ரகசியமாக ஒரு சுவிட்ச் வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பதை நண்பரிடம்கூடச் சொல்லாதீர்கள்.

இப்போது என்னை அசரவைத்த விஷயத்துக்கு வருகிறேன். டிஃபெண்டரில் பெரிய கியர் லீவர் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லீவர் நிற்கும், பார்த்திருக்கிறீர்களா? சாலைக்கு ஹை, சேற்றுக்கும் மலைக்கும் லோ, இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். அந்தக் குட்டை லீவரை நியூட்ரலில் விட்டுப் போனால் என்ஜின் ஓடும், முதல் கியர் விழும், கிளட்சை விட்டாலும் வண்டி அசையவே அசையாது! பழக்கமில்லாத திருடன் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே நினைப்பான். ஹேண்ட்பிரேக்கோ பிடித்தபடியே இருக்கும். ஏனென்றால் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை, அந்தக் குட்டை லீவர் இயக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் தண்டைப் பிடிக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த நிலையில் கியர் வண்டியைத் தாங்காது, ஹேண்ட்பிரேக்தான் தாங்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டாயம் கட்டை கொடுங்கள்.

விவரம் தெரிந்தவன் வந்தால்? ஸ்டீயரிங் முழுவதையும் மூடும் வட்டப் பூட்டு நல்லது. குறுக்குக் கம்பிப் பூட்டு மட்டும் போட்டால், ஸ்டீயரிங் வளையத்தையே அறுத்துவிட்டுக் கழற்றிவிடுகிறார்கள். லாரியில் அலேக்காகத் தூக்கிப் போகிறவனுக்கு டிராக்கர்தான் பதில். ஜிபிஎஸ் சிக்னலை ஜாமர் கொண்டு மறைக்க முடியும். விஎச்எஃப் ரேடியோ அலையில் பேசும் டிராக்கரை மறைப்பது அதைவிடக் கடினம், கண்டெய்னருக்குள் இருந்தாலும் தேடிப் பிடிக்கலாம்.

மைக்ரோடாட் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் அடையாள எண்! ஆயிரக்கணக்கில் வண்டி முழுக்கத் தெளித்துவிடுவார்கள். பாகம் பாகமாகப் பிரித்து விற்றாலும் ஏதாவது ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்கா 2012-இலேயே புது வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது. பழைய வண்டிக்கு நாமேதான் தெளித்துக்கொள்ள வேண்டும்.

காசே செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. முன் வலது சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். சேஸிஸ் இரும்பில் வண்டியின் எண் குத்தப்பட்டிருக்கும். தகடு அலுமினியம் என்றாலும் சேஸிஸ் எஃகுதான், துரு அந்த எண்ணை அரித்துவிடும். கம்பி பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, போட்டோ எடுத்துவிட்டு, கிரீஸ் பூசி மூடுங்கள். வெல்டிங் ஒட்டு, நசுங்கிய மூலை என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த தழும்புகளையும் படம் பிடித்து வையுங்கள். நம்பர் பிளேட் மாறிய பின்னும், இது என் வண்டி என்று காவல் நிலையத்தில் காட்ட அவை உங்கள் கையில் இருக்கும்.