பிராங்கோஸ் சரிந்த ஆண்டு

ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் கிளப்புகளில் வசதியிலும் ரசிகர் பலத்திலும் முன்வரிசையில் நிற்பது பிரிஸ்பேன் பிராங்கோஸ். 1988-இல் தொடங்கிய இந்த கிளப் 2019 வரை 32 சீசன்களில் ஒருமுறைகூடப் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனதில்லை. 2020-இல் போனது. ஆடியது 20 ஆட்டங்கள். வென்றது 3, தோற்றது 17. எடுத்த புள்ளிகள் 268, விட்டுக்கொடுத்தவை 624. கடைசியாக வரும் அணிக்கு ‘மரக்கரண்டி’ கிடைத்ததாக அந்நாட்டில் சொல்வார்கள். கரண்டி எதையும் யாரும் கையில் கொடுப்பதில்லை. ஆனால் அந்தப் பெயர் கிளப்பின் வரலாற்றில் நிரந்தரமாக ஏறிவிடும்.

இந்தச் சரிவு எவ்வளவு பெரியது என்பது கிளப்பின் பழைய உயரத்தைப் பார்த்தால்தான் புரியும். 1992, 1993, 1997, 1998, 2000, 2006 என ஆறு முறை பட்டம் வென்ற அணி இது. 1992 முதல் 2009 வரை ஓராண்டுகூட விடாமல் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. சொந்த மைதானமான சன்கார்ப் ஸ்டேடியத்தில் 52,500 பேர் அமரலாம். 2023-இல் டால்பின்ஸ் அணி வரும்வரை, நாட்டின் முதல்நிலை ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.-இல் பிரிஸ்பேன் நகரத்துக்கென்று இருந்த ஒரே அணி பிராங்கோஸ். ஊரில் போட்டிக்கு ஆளில்லை, நல்ல வீரர்கள் தாமாகத் தேடி வந்தார்கள், பணத்துக்கும் குறைவில்லை. வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள போட்டியில், ஒரு கிளப்புக்கு இதைவிடச் சாதகமான நிலை அமைவது அரிது.

ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் நடந்தது விளங்கும். ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். ஆட்டம் 80 நிமிடம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ‘ட்ரை’, அதற்கு 4 புள்ளிகள். அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறை மடக்கிப் பிடிக்கப்பட்டதும் பந்துக்காரர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஆறாவது டேக்கிளும் முடிந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

வெற்றி தோல்வி பெரும்பாலும் பிடிபட்டவர் எழுந்து பந்தைத் தள்ளும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. பிடித்தவர்கள் விழுந்தவர் மேலிருந்து எவ்வளவு தாமதமாக எழுகிறார்களோ, அவ்வளவு நேரம் மற்ற தடுப்பாளர்கள் பின்வாங்கி வரிசையில் நிற்கலாம். அளவு மீறித் தாமதித்தால் முன்பு பெனால்டி. ஆனால் பெனால்டி கொடுத்தால் ஆட்டம் நின்றது. தடுக்கும் அணி மூச்சு வாங்கிக்கொண்டது. 2020 மே மாதத்தில் இந்த விதி மாறியது. நடுவர் கையை அசைப்பார், மணி ஒலிக்கும், டேக்கிள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஆட்டம் நிற்காது. இரண்டு நடுவர்கள் இருந்த இடத்தில் ஒருவரே ஆனார். களைத்த அணிக்கு ஒளிய இடமில்லாமல் போனது. அனுபவம் குறைந்த தடுப்பு வரிசையை இந்த விதி இரக்கமில்லாமல் தண்டித்தது. பிராங்கோஸிடம் இருந்தது அப்படிப்பட்ட வரிசைதான்.

அந்த வரிசை ஒரே நாளில் பலவீனமாகிவிடவில்லை. கிளப்பின் முதல் பயிற்சியாளரும் ஆறு பட்டங்களையும் வென்று தந்தவருமான வெய்ன் பென்னட், 2015-இல் இரண்டாம் முறையாகப் பொறுப்பேற்றிருந்தார். அந்த ஆண்டே அணி இறுதி ஆட்டம் வரை சென்று, நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸிடம் கூடுதல் நேரத்தில் 17-16 என்று ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது. சில ஆண்டுகளில் நிர்வாகத்துக்கு அவரோடு தொடர மனமில்லாமல் போனது. முதலில் மெல்போர்ன் ஸ்டார்மின் பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமியை அழைத்துப் பார்த்தார்கள். பென்னட்டிடம் பிரிஸ்பேனிலேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். பெல்லமி வரவில்லை. பிறகு சவுத் சிட்னியின் பயிற்சியாளர் ஆந்தனி சீபோல்டை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பென்னட் சவுத் சிட்னிக்குப் போவதென்று ஏற்பாடு. 2020-இல் நடக்கவேண்டிய இந்த இடமாற்றம், 2018 டிசம்பரில் பென்னட்டைப் பதவியிலிருந்து நீக்கியதால் ஓராண்டு முன்னதாகவே நடந்துவிட்டது.

சீபோல்ட் திறமையற்றவர் அல்ல. 2018-இல் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றவர். ஆனால் முதல்நிலைத் தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு இருந்த அனுபவம் ஒரே ஒரு சீசன்தான். அதை நம்பி ஐந்தாண்டு எழுதிக்கொடுத்தது நிர்வாகத்தின் அவசரம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ளவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் அவரை நிறுத்தியபோது, துணைக்கு மூத்த வீரர்களாவது களத்தில் இருந்திருக்க வேண்டும். அவர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். சாம் தைடே 2018-இல் ஓய்வு பெற்றார். ஜோஷ் மெகுவைர் கவ்பாய்ஸுக்குப் போனார். தோள்பட்டைக் காயத்தால் மேட் கில்லெட் 2019-இன் முடிவில் ஆட்டத்தை விட்டார். 2020-இன் நடுவில் ஆண்ட்ரூ மெக்கல்லோ நியூகாசில் அணிக்குப் போனார்.

மிஞ்சியவர்களில் திறமைக்குக் குறைவில்லை. பெயின் ஹாஸ், பேட் காரிகன், டேவிட் ஃபிஃபிட்டா, கோட்டோனி ஸ்டாக்ஸ் போன்ற இளைஞர்களை எந்த கிளப்பும் ஆசையோடு அள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் ஹாஸுக்கு அப்போது 20 வயது. கேப்டன் அலெக்ஸ் கிளென் காயத்தால் வெளியே இருந்த ஆட்டங்களில் அணியை நடத்தும் பொறுப்பு 22 வயது காரிகன் தோளில் விழுந்தது. ஆட்டத்தை வழிநடத்தவேண்டிய ஹாஃப்பேக் இடத்துக்கு மெல்போர்னிலிருந்து வந்த பிராடி கிராஃப்ட், தன் பழைய அணியிலேயே இடத்தைத் தக்கவைக்க முடியாதவர். ஓடவும் மோதவும் ஆளிருந்தது. ஆட்டம் கைமீறும்போது நிதானப்படுத்த ஆளில்லை.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2019-இல் எட்டாம் இடம் பிடித்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த அணி, முதல் ஆட்டத்திலேயே பாரமாட்டா ஈல்ஸிடம் 58-0 என்று தோற்றது. அதுவரை கிளப் கண்டிராத தோல்வி. அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த சீசனுக்குள் போனது பெரிய பிழை.

2020-இன் தொடக்கம் அந்தப் பிழையை மறைத்தது. மார்ச்சில் டவுன்ஸ்வில்லின் புதிய மைதானத்தில் கவ்பாய்ஸை 28-21 என்று வென்றார்கள். அடுத்த வாரம் பென்னட்டின் சவுத் சிட்னியை 22-18 என்று வென்றபோது மைதானத்தில் ரசிகர்கள் இல்லை, கொரோனா வந்துவிட்டது. அத்துடன் போட்டி நிறுத்தப்பட்டது.

மே 28 அன்று போட்டி மறுபடி தொடங்கியதும், முதல் ஆட்டமே பிராங்கோஸுக்கும் பாரமாட்டாவுக்கும். 34-6 என்று தோல்வி. அடுத்த வாரம், நடப்பு சாம்பியனான சிட்னி ரூஸ்டர்ஸ் அதே சன்கார்ப் ஸ்டேடியத்தில் 59-0 என்று வென்றது. ஓராண்டுக்குள் மோசமான தோல்விக்கான கிளப்பின் சாதனை மறுபடி உடைந்தது. அந்த நாட்களில் சில மைதானங்களில் ரசிகர்களின் முகம் அச்சிட்ட அட்டைகளை இருக்கைகளில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரத்தில் தடுமாறும் அணி எழுந்து நிற்பதுண்டு. அந்த ஊன்றுகோலும் அந்த ஆண்டு யாருக்கும் இல்லை.

ஆனாலும் இந்த சீசனைப் புரிந்துகொள்ள 59-0 ஆட்டத்தைவிட அதற்கடுத்த ஆட்டமே அதிகம் உதவுகிறது. காஸ்ஃபர்டில் மேன்லி அணிக்கு எதிராக பிராங்கோஸ் 18-0 என்று முன்னிலை பெற்றது. திட்டமும் வேகமும் சரியாக இருந்தன. பிறகு மேன்லி ஒரு ட்ரை போட்டது, இன்னொன்று போட்டது. பிராங்கோஸ் வீரர்கள் கலைந்துபோனார்கள். முடிவு 20-18, மேன்லி வெற்றி. பலம் இல்லாத அணி 18-0 என்று முன்னே போகாது. தோற்றுப் பழகிய அணிதான் அந்த இடத்திலிருந்து தோற்கும். பந்து கைநழுவிய ஒவ்வொரு முறையும் போன வாரத்து நினைவு வந்து நிற்கும்போது, தடுப்பாளர் பக்கத்தில் நிற்பவரை நம்பாமல் தன் இடத்தை விட்டு ஓடுவார். அவர் விட்ட இடைவெளியில் எதிரணி புகும்.

ஜூலையில் கேன்டர்பரி புல்டாக்ஸை 26-8 என்று வென்றதோடு சரி. அதன்பின் 11 ஆட்டங்கள், 11 தோல்விகள். களத்துக்கு வெளியிலும் நிம்மதி இல்லை. நோய்த்தடுப்பு விதிகளை மீறியதற்காக வீரர்களும் ஊழியர்களும் விசாரணைக்கு ஆளானார்கள். ஃபிஃபிட்டா அடுத்த ஆண்டு பக்கத்துக் கோல்டு கோஸ்ட் டைட்டன்ஸுக்குப் போவது சீசன் நடக்கும்போதே உறுதியானது. சீபோல்டைப் பற்றி இணையத்தில் பொய்யான அவதூறுகள் பரவின. அவர் சட்ட நடவடிக்கையில் இறங்க வேண்டியிருந்தது. ஆட்டத்தில் தோற்ற பயிற்சியாளரை விமர்சிக்கலாம். அவருடைய குடும்பத்தைத் தெருவுக்கு இழுத்த அந்தச் செயலுக்கு எந்தத் தோல்வியும் நியாயமாகாது. ஆகஸ்ட் 26 அன்று சீபோல்ட் விலகினார். பீட்டர் ஜென்டில் தற்காலிகப் பொறுப்பேற்றார், வெற்றி வரவில்லை. செப்டம்பரில் கடைசி ஆட்டத்தில் கவ்பாய்ஸிடம் 32-16 என்று தோற்று அணி சீசனை முடித்தது. 2006-இல் பட்டம் வென்ற அணியில் இளைஞராக ஆடிய டாரியஸ் பாய்டின் விளையாட்டு வாழ்க்கையும் அந்த சீசனோடு முடிந்தது.

புல்டாக்ஸும் அந்த ஆண்டு 3 வெற்றி, 17 தோல்விதான். எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்குமான வித்தியாசத்தில் அவர்கள் தப்பினார்கள். என்.ஆர்.எல்.-இல் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் முறை இல்லாததால் பிராங்கோஸ் அடுத்த ஆண்டும் அதே போட்டியில் ஆடியது.

சீசன் முடிந்த கையோடு, பிராங்கோஸுக்காக ஐந்து பட்டங்களை வீரராக வென்ற கெவின் வால்டர்ஸ் பயிற்சியாளரானார். 2018-இலேயே அந்தப் பதவியை விரும்பியவர் அவர். மீட்சி மெதுவாகத்தான் வந்தது. 2021-இல் 14-ஆம் இடம், 2022-இல் 9-ஆம் இடம். அந்த 2022-இல் சவுத் சிட்னியிலிருந்து வந்த ஆடம் ரெனால்ட்ஸ், அணிக்கு இல்லாமலிருந்த அனுபவமுள்ள ஹாஃப்பேக்கின் இடத்தை நிரப்பிக் கேப்டனுமானார். மூத்தவர் ஒருவர் ஆட்டத்தின் போக்கைக் கையில் எடுத்ததும், 2020-இல் திணறிய அதே இளைஞர்கள் வேறு ஆட்களாகத் தெரிந்தார்கள். 2023 இறுதி ஆட்டத்தில் பென்ரித் அணிக்கு எதிராக 24-8 என்று முன்னிலையில் இருந்தும் 26-24 என்று தோற்றார்கள். 2024-இல் மறுபடி சறுக்கியதும் வால்டர்ஸ் போய் மைக்கேல் மெகுவைர் வந்தார். 2025 இறுதி ஆட்டத்தில் மெல்போர்ன் ஸ்டார்மை 26-22 என்று வென்று, 19 ஆண்டுகளுக்குப் பிறகு பிராங்கோஸ் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த அணியில் ஹாஸ், காரிகன், ஸ்டாக்ஸ் மூவரும் இருந்தார்கள்.