உங்களுக்குத் தெரியுமா? ஜேஇஇ எழுதாமலே ஐஐடி பட்டம்!

ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்புகளில் சேர ஜேஇஇ மதிப்பெண் வேண்டாம். வயது வரம்பும் கிடையாது!

• 2020இல் தரவு அறிவியல் வந்தது, 2023இல் மின்னணு அமைப்புகள். செங்கோட்டையில் இருந்தாலும் வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம். அதற்காகச் சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில் ஏற வேண்டியதில்லை.

• நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். இத்தனை பேருக்குத்தான் இடம் என்ற கட்டுப்பாடு இல்லை. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி எது?

• தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

• நடுவில் நின்றாலும் உழைப்பு வீணாகாது: முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு.

• இந்த இணையவழிக் கல்வியின் விதை பழையது. 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தின் பொறியியல் பாடங்களை இன்றும் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.