ஆடியில் தொடங்கி தையில் முடியும் பருவம்

பொதட்டூர்பேட்டையில் ஒருவர் “நாங்க குரூப்பா போறோம்” என்று சொன்னால் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை, மாதத்தைப் பார்த்தால் போதும். ஆடி என்றால் திருத்தணி. புரட்டாசி என்றால் திருப்பதி. கார்த்திகை பிறந்தால் சபரிமலை. மார்கழியும் தையும் செவ்வாடைக்காரர்களுக்கு, அவர்கள் மேல்மருவத்தூர் போவார்கள். டிசம்பர் 31 என்றால் மறுபடியும் திருத்தணி. நடுவே திருவண்ணாமலை கிரிவலம், அது பௌர்ணமிக்குப் பௌர்ணமி.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்குப் போய்விட்டு வருடத்தில் சில நாள் மட்டும் இங்கே தலைகாட்டும் பிள்ளைகளுக்கும் இந்தக் குழுக்கள் எப்படி நடக்கின்றன என்பது புரிவதில்லை. கிளம்பும் நாள் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுகிறது. அந்த ஒரு நாளுக்காகப் பல மாதம் நடக்கும் கூட்டமும் சீட்டும் பஜனையும் தெரிவதில்லை. என்னைக் கேட்டால், குழு என்பதே அந்தப் பல மாதம்தான்.

பனி பெய்யும் நாடுகளில் பனிச்சறுக்கு கிளப்புகள் உண்டு. 1903-ல் லண்டனில் தொடங்கிய பிரிட்டன் கிளப் இன்றும் இருக்கிறது. பருவம் வருமுன்பே கூடிப் பேசுவது, மலைக்குச் சேர்ந்து போவது, புதியவரைப் பழையவரோடு சேர்த்து விடுவது, திரும்பி வந்து விருந்து வைப்பது என்று அவர்களுடைய வருடம் போகிறது. நம் குழுக்களின் வருடமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே சந்தா கட்டினால் உறுப்பினர். இங்கே மாலை போட்டால் உறுப்பினர்.

முதலில் ஊரைப் பற்றி. பொதட்டூர்பேட்டை பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றிப் போடும் வரை திருத்தணிச் சீமை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பலன் அந்த மாற்றம். அதனால்தான் ஒரே வேனில் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் மாறி மாறிக் கேட்கும். யாரும் அதை விசேஷமாக நினைப்பதில்லை.

ஆடிக் கிருத்திகைதான் பருவத்தின் தொடக்கம். திருத்தணி ஓர் இரவில் நடந்து சேரக்கூடிய தூரம் என்பதால் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மஞ்சள் உடுத்தி, விரதம் இருந்து, காவடி எடுத்து, பம்பை உடுக்கையோடு நடந்தால் ஆயிற்று. திருத்தணிக்குப் பெயர் வாங்கித் தந்தது புஷ்பக் காவடி. காவடிச் சட்டத்தைப் பூவால் மூடித் தோளில் எடுத்து, மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் நீராடி, படியேறுவார்கள். திருவிழாவில் மூன்று நாள் மாலையில் பொய்கையில் தெப்பம் உண்டு. கூட்டம் பெருகும் அந்த நாட்களில் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். வேனில் போனாலும் கடைசிப் பகுதி நடைதான்.

நடக்கிற குழுவில் புதியவருக்குச் சொல்லப்படும் விதிகள் மூன்றே மூன்று. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நட. பையின் பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டு. புதுச் செருப்பு போடாதே. மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை, பாதி வழியில் பின்னால் வரும் சாமான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

டிசம்பர் 31 வேறு மாதிரி. அது நடைக்குழுக்களின் நாள் அல்ல, பாட்டுக் குழுக்களின் நாள். அதன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஜனவரி 1 அன்று நம்மவர்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைமார் பங்களா வாசலில் நிற்பார்கள். புத்தாண்டு வாழ்த்து சொல்ல. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளுக்கு அது பொறுக்கவில்லை. துரைக்குக் கும்பிடு போடுமுன் தணிகைத் துரையைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்று, 1917 டிசம்பர் 31-ல் திருத்தணியில் படித் திருவிழாவைத் தொடங்கினார். திருத்தணி மலைக்கு 365 படி, வருடத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, ஒரு திருப்புகழ் பாடி, அடுத்த படிக்கு ஏற வேண்டும். நள்ளிரவில் மேலே முருகன் சன்னிதியில் புது வருடம் பிறக்கும்.

சுவாமிகள் 1870-ல் பிறந்தவர், இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். வயிற்று வலி தீரப் பழனிக்குப் போன இடத்தில் திருப்புகழில் சிக்கிக்கொண்டார், பிறகு வாழ்நாள் முழுக்க அதுவே வேலை. 1950-ல் காலமானார். அவர் போட்ட வழி இன்னும் ஓடுகிறது. பல ஊர்களிலிருந்தும், பக்கத்து மாநிலங்களிலிருந்தும் பஜனைக் குழுக்கள் வருகின்றன.

இந்த விழாவில் சேர பாட்டு தெரிந்திருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். திருப்புகழ் கேட்க இனிமை, பாடக் கடினம். சந்தம் தவறினால் அடுத்தவரையும் சேர்த்துக் கவிழ்க்கும். எனவே கிருத்திகைதோறும் யாராவது ஒருவர் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ கூடிப் பாடிப் பழகுவார்கள். பெரியவர் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முடிந்ததும் சுண்டல், சில வீடுகளில் சர்க்கரைப் பொங்கல். சுண்டலுக்காக வந்து பாட்டில் தங்கிவிட்ட சிறுவர்கள் எந்தக் குழுவிலும் உண்டு. குழுவுக்குப் புது ஆள் அப்படித்தான் கிடைக்கிறது.

சபரிமலைக்குத்தான் ஏற்பாடு அதிகம். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால் 41 நாள் மண்டல விரதம். காலையும் மாலையும் குளியல், சரண கோஷம், கறுப்போ நீலமோ காவியோ உடை, காலில் செருப்பில்லை. அந்த நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். தறி முதலாளியும் அவரிடம் கூலிக்கு நெய்பவரும் “சாமி, சாப்டீங்களா சாமி?” என்றுதான் பேசிக்கொள்வார்கள். விரதம் முடிந்தபின் எத்தனை நாள் அது நீடிக்கிறது என்பது அந்தந்த முதலாளியைப் பொறுத்தது.

குழுவின் தலைவர் குருசாமி. பலமுறை மலைக்குப் போய்வந்தவர், மாலை போட்டு விடுவதும் இருமுடி கட்டுவதும் அவர் கையால். முதல்முறை போகிறவர் கன்னிச்சாமி. கன்னிச்சாமி வீட்டில் கன்னி பூஜை நடக்கும். ஐயப்பன் படம் வைத்துப் படி அமைத்து, பஜனை பாடி, வந்த எல்லோருக்கும் சாப்பாடு. ஒரு குழுவில் கன்னிச்சாமிகள் அதிகம் என்றால் மார்கழி வரை வாரக் கடைசியில் வீட்டில் சமைக்க வேண்டியதில்லை என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

இருமுடி கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நார் நீக்கி வழவழப்பாகச் சீவிய தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்து, உள்ளே ஈரமில்லாமல் ஆறவிடுவார்கள். பிறகு வீட்டார் ஒவ்வொருவராக வந்து உருக்கிய பசு நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். நிரம்பியதும் தக்கையால் அடைப்பு. அந்த நெய்த்தேங்காய் பையின் முன்முடியில் போகும். முன்முடி சாமிக்கு, பின்முடி வழிப்பயணத்துக்கான சொந்தச் சாமானுக்கு. இருமுடி தலையில் இல்லாமல் பதினெட்டாம் படி ஏற முடியாது. மலையில் தேங்காயை உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, தேங்காய் மூடியை நெருப்பு எரியும் ஆழியில் போட்டுவிடுவார்கள். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று 2024-ல் சபரிமலைத் தரப்பிலிருந்தே சொன்னார்கள். பழைய பட்டியலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு சாமான் வாங்காதீர்கள்.

இப்போதெல்லாம் பயணத் தேதியைக் குருசாமி தீர்மானிப்பதில்லை, ஆன்லைன் முன்பதிவுதான் தீர்மானிக்கிறது. 2024-25 பருவத்தில் ஒரு நாளைக்கு ஆன்லைனில் 70,000 பேர், நேரில் 10,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். குழு முழுவதற்கும் ஒரே நாளில் இடம் கிடைக்க வேண்டுமானால் பதிவு திறந்த உடனேயே பிடிக்க வேண்டும், ஒவ்வொருவரின் அடையாள அட்டை விவரமும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அதனால் குழுவில் குருசாமிக்கு அடுத்த பதவி இன்று செல்போன் நன்றாகத் தெரிந்த பையனுக்குத்தான்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு வண்டிகளுக்கான பெரிய நிறுத்தம் நிலக்கல். அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ். குழு சிதறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏற முடியாது. பம்பையில் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்காத குழு, பாதி நாளைத் தேடுவதிலேயே கழிக்கும். ஆளை எண்ணுவதை நம் ஆட்கள் சடங்கு போலச் செய்வதற்குக் காரணம் உண்டு. 2011 ஜனவரி 14, மகரவிளக்கு அன்று, சபரிமலை அருகே புல்மேட்டில் நெரிசலில் 102 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு 1999-ல், அதே ஜனவரி 14-ல், பம்பையில் 53 பேர். விளக்கு பார்த்த உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்ப்பதுதான் ஆபத்து. கூட்டம் வடியும் வரை உட்கார்ந்திருப்பதே நல்லது. சிறுபிள்ளைகளோடு போகும் குழு மகரவிளக்கை விட்டுவிட்டு, மண்டல காலத்தின் நடுவில் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

மண்டல பூஜை டிசம்பர் கடைசி வாரத்தில் முடிந்து, நடை சாத்தி, மகரவிளக்குக்காக மாத இறுதியில் மறுபடி திறக்கும். மண்டல காலத்திலேயே போய்வந்து மாலை கழற்றியவர்கள் திருத்தணிப் படி விழாவுக்குத் தயாராக இருப்பார்கள். ஒரே ஆள் இரண்டு குழுவில் இருப்பது இதனால்தான் முடிகிறது.

பெண்களின் குழு என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது மேல்மருவத்தூர். சபரிமலைக்குப் பத்து வயதுக்கு மேல், ஐம்பதுக்குள் இருக்கும் பெண்கள் போவதில்லை என்ற வழக்கமும், 2018 தீர்ப்பும், அதன் பிறகு நடந்தவையும் தனிக் கதை. இங்கே சொல்ல வேண்டியது, மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி வார வழிபாட்டு மன்றங்கள் நாம் பேசும் எல்லாக் குழுக்களையும் விட ஒழுங்காக நடப்பவை என்பதுதான். பெயரிலேயே வாரம் இருக்கிறது, வாரம் தவறாமல் கூட்டம். மந்திரம் சொல்வதும் பூஜை செய்வதும் பெண்களே. சிவப்பு உடையில் சக்தி மாலை போட்டு, இருமுடி கட்டி, தைப்பூசத்துக்குள் பஸ் பிடித்துப் போய்வருவார்கள். தறிக்கு நூல் சுற்றுவதும் வீட்டு வேலையுமாக இருக்கும் பெண்ணுக்கு, வருடத்தில் தான் முடிவு செய்து போகும் பயணம் அது ஒன்றாகவே இருக்கலாம். கணக்கு நோட்டையும் அவர்களே எழுதுகிறார்கள். ஆண்கள் குழுக்களின் நோட்டைவிட அது சுத்தமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பணத்துக்கு வருவோம். கூலிக்கு நெய்கிறவருக்குத் தறி நின்றால் வருமானம் நின்றது. எனவே பயணத்தில் செலவு இரட்டை, கையிலிருந்து போவது ஒன்று, கைக்கு வராமல் போவது ஒன்று. இதைச் சமாளிக்கத்தான் மாதச் சீட்டு. சிறு தொகையை மாதாமாதம் கட்டிவந்தால் கிளம்பும் நேரத்தில் கடன் வாங்க வேண்டாம். வண்டி வாடகை, டீசல், டிரைவர் படி, சமையல் சாமான், அன்னதானத்துக்கு ஒதுக்குவது எல்லாம் அதில். நெசவு ஊர்களில் அமாவாசை தறிக்கு ஓய்வு என்பது பழைய வழக்கம். கூட்டம் போடவும் சீட்டு வசூலிக்கவும் தோதான நாள் அது.

சிப்காட் பிள்ளைகளின் சிக்கல் வேறு. ஷிப்ட் மாற்ற வேண்டும், சூப்பர்வைசரிடம் முன்பே சொல்ல வேண்டும். கட்டாயம் ஷூ போட வேண்டிய இடத்தில் செருப்பில்லா விரதம் செல்லாது. வேலை நேரத்தில் பாதுகாப்புக் காலணி போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் விவரமறிந்த குருசாமிகள் மாலை போட்டு விடுகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருத்தணி ஒரே மாவட்டம் என்று பெயர், ரயிலில் வருவதென்றால் சென்னைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். அந்த அலைச்சலுக்கும் சேர்த்து லீவு கேளுங்கள்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. போன வருடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் வேறு குழு பாருங்கள். கேரளத்துக்குப் போகும் வண்டிக்கு வெளிமாநிலப் பெர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா, இரவு ஓட்ட மாற்று டிரைவர் உண்டா என்று கேளுங்கள். முன் கண்ணாடியை மறைக்கும்படி வாழைமரமும் மாலையும் கட்டுகிற குழுவில் ஏறாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மாத்திரையைப் பின்முடியில் வைக்காமல் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நீலிமலை ஏற்றம் செங்குத்து, மாத்திரைக்காக அங்கே முடியை இறக்கி அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆடியில் காவடியைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர வருகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் சீட்டு பாதி ஓடியிருக்கும், பாட்டுப் பழக்கமும் நடந்திருக்கும். சேர நல்ல நேரம் மாசி. எல்லாப் பயணமும் முடிந்து, நோட்டைப் பிரித்து, வரவு செலவை எல்லோர் முன்னும் வாசித்து, மிச்சமிருந்தால் ஒரு சாப்பாடும் போட்டு முடிப்பார்கள். அடுத்த வருடச் சீட்டின் முதல் தவணையைப் பல குழுக்களில் அன்றைக்கே வாங்கிவிடுகிறார்கள். சில்லறையாகக் கொண்டு போங்கள், ஜிபே இன்னும் எல்லா நோட்டிலும் ஏறவில்லை.