கதையை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

கேம் ஆடுகையில் திரையில் இரண்டு பதில்கள் தோன்றுகின்றன. ஒன்றில் கிளிக் செய்கிறீர்கள். கதை உண்மையிலேயே மாறுகிறதா?

ஒரு முடிவுக்கு இரண்டு வழிகள் என்றால், பத்து முடிவுகளுக்கு 1,024 வழிகள். அத்தனைக்கும் காட்சி, வசனம் தயாரிப்பது இயலாது. எனவே பெரும்பாலான கேம்களில், பிரியும் வழிகள் சற்றுத் தள்ளி மீண்டும் ஒன்று சேர்ந்துவிடும். 2012ல் வெளியான மாஸ் எபெக்ட் 3ல், தங்கள் முடிவுகளுக்கு இறுதிக் காட்சியில் மதிப்பில்லை என ரசிகர்கள் கொதித்தனர். அதே ஆண்டில், விரிவாக்கிய இறுதிக் காட்சிகள் இலவசமாகத் தரப்பட்டன. 2018ல் வந்த டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன் இதற்கு நேர்மாறு. நம் முடிவால் கதாநாயகர்களே இடையில் இறக்கலாம். நாம் சென்ற வழியை அத்தியாய முடிவில் வரைபடமாகவும் காட்டும்.

அப்படியானால் எல்லா கேமிலும் இந்த அதிகாரம் வேண்டுமா? டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட 'வெண்பா'வைப் பாருங்கள். 1980களில் கனடா சென்ற தமிழ்க் குடும்பத்தின் கதை இது. தாய் தந்த சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, வெண்பாவுடன் நாமும் இட்லி, புட்டு செய்ய வேண்டும். வசனங்களைத் தேர்ந்தெடுக்கலாம், கதையின் போக்கு மாறாது. மகன் தமிழை விட்டு விலகுவதை எந்த பட்டனும் தடுக்காது. தடுத்திருந்தால் அந்தத் தாயின் தவிப்பு நமக்குப் புரிந்திருக்காது. 2024ல் இதற்கு பாப்டாவின் அறிமுக கேம் விருது கிடைத்தது.

எனவே, முடிவு கேட்டால் அதற்குப் பலன் இருக்க வேண்டும். இல்லையேல் கேட்காமலே கதை சொல்லலாம். சோதிக்க விரும்பினால், அந்த இடத்தில் சேவ் செய்துவிட்டு இரண்டு பதில்களையும் கொடுத்துப் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.